நான் வாவியிலிருந்து கரையேற்றிய வேன்

அன்று பகல் ஹனீபா, மண்டூர்த் துறைக்கு வாகனம் ஏற்றிப்போகும் படகான ஓடப்பாதையில், வாவியின் நடுவில் நின்றார். கள்ளுத் தவறணைக்கு முன்னால் நிற்கவில்லை.

இதை முதலாவதாக எழுதவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. "வாசிக்கிறவன் பாதியில விட்டுட்டுப் போயிருவான் சேர். அப்ப அவன்ட மண்டையில தவறணதான் மிஞ்சும்" என்றார். பெயரையும் மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

அடுத்த வரி என்னுடையது. அவர் தவறணைக்கு முன்னால் நின்றார் என்று எல்லோர் முன்னிலையிலும் சாட்சி சொன்னவன் நான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தேன்.

வாகனங்களுக்கு வழிகாட்டிக் கருவி பூட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் வேறு எதையும் சொல்லித்தரப் போவதில்லை. எந்த வயரை எங்கே கொழுவுவது, அன்ரெனாவை எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அந்தச் சின்னத் திரையில் தெரியும் புள்ளியை வைத்துக்கொண்டு படித்த ஒரு மனிதன் எவ்வளவு தூரம் முட்டாளாகலாம் என்பது. அதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவன் நான். கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, மட்டக்களப்பு நகரில் மருந்து விநியோகம் செய்யும் ஒரு கம்பனியில் சேர்ந்தேன். வேன்களுக்கு வழிகாட்டிக் கருவி பூட்டவேண்டும் என்று முதலாளிக்கு யோசனை சொன்னதும் நான்தான். பரீட்சார்த்தமாகச் சில வேன்களுக்குப் பூட்டினோம். சாரதிமாரை இருத்தி, மேசையில் ஒரு தோடம்பழத்தை வைத்து, அதைச் சுற்றிக் குண்டூசிகளைப் பிடித்து, வானத்தில் சுற்றும் செய்மதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பாடம் நடத்தினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் தோடம்பழத்தை உரித்துத் தின்றார்கள்.

அந்தப் பாடத்தில் நான் சொன்னது இதுதான். வேன் எங்கே நிற்கிறது என்பதைக் கருவி தானாக அறிவதில்லை, பலரிடம் விசாரித்து அறிகிறது. செய்மதிகள் அனுப்பும் நேரக் குறியைக் கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. செய்மதி மறைந்தால் சில்லு எத்தனை முறை சுற்றியது என்பதைக் கொண்டு போன தூரத்தையும், உள்ளே இருக்கும் சுழல்மானியைக் கொண்டு திரும்பிய பக்கத்தையும் அறிகிறது. இவர்கள் எல்லோரும் சம்பவ இடத்தில் இருந்த சாட்சிகள். கடைசியாக வருவது வரைபடம். அது அந்த இடத்தில் இருந்ததே இல்லை. ஆனால் "வாகனம் என்றால் வீதியில்தானே நிற்கும், ஆகவே பக்கத்து வீதியில்தான் நின்றிருக்கும்" என்று எல்லோரையும் அடக்கிப் பேசும். அதைப் பேச விடுவதா, எவ்வளவு பேச விடுவது என்பதை நாம்தான் அமைத்துக் கொடுக்கிறோம்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்டவர்களில் நான் ஒருவன்தான் மறந்துபோனேன்.

எங்கள் வேன்கள் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு வாவியைக் கடந்து போகவேண்டும். பாலத்தால் சுற்றிப் போகலாம், அல்லது துறையடியில் ஓடப்பாதையில் ஏறலாம். தட்டையான பெரிய படகு அது; இங்குள்ளவர்கள் சுருக்கமாகப் பாதை என்பார்கள். வேனை ஏற்றி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சாரதி இறங்கிக் காற்று வாங்கிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் கருவி உள்ளதை உள்ளபடி காட்டியது. புள்ளி வாவிக்குள் இறங்கி, மெதுவாக நீந்தி, அக்கரையில் ஏறியது.

முதலாளி அதைத் தன் மேசைத் திரையில் பார்த்துவிட்டார். கணக்காளரைக் கூப்பிட்டார், களஞ்சியப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார், தேத்தண்ணி கொண்டுவந்தவரையும் நிற்கச் சொன்னார்.

"என்ன சேர், நான் வேன் வாங்கினனா, தோணி வாங்கினனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே கொதித்தது. அது ஓடப்பாதை என்று ஒரு வசனத்தில் விளங்கப்படுத்தியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், அன்று பின்னேரமே கருவி பூட்டிய எல்லா வேன்களிலும் அமைப்பை மாற்றினேன். புள்ளி எந்த நேரமும் ஏதாவது ஒரு வீதியில்தான் நிற்கவேண்டும் என்று கட்டளை கொடுத்தேன். வீதிப் பூட்டு என்று அதற்கு நானே ஒரு பெயரும் வைத்தேன். ஓடப்பாதை எங்கள் வரைபடத்தில் வீதியாக இல்லை. ஆகவே அதற்குப் பிறகு எங்கள் கம்பனியின் எந்த வேனும் வாவிக்குள் இறங்கவில்லை. முதலாளி என் முதுகில் தட்டினார். உண்மையைச் சொன்ன கருவியைத் திருத்திப் பொய் சொல்லப் பழக்கியதற்காக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

ஹனீபா எங்கள் சாரதிமாரில் மூத்தவர். காத்தான்குடிக்காரர்; இளம் சாரதிமாருக்கு ஹனீபா காக்கா, அதாவது அண்ணன். அதிகம் பேசமாட்டார். கூலிங் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் இன்சுலின் போன்ற மருந்துகளை முதலாளி அவரை நம்பித்தான் அனுப்புவார். ஒருநாள் பாலத்தால் போகும் வழியில், வெல்லாவெளிப் பக்கம், வீதி திருத்த வேலை நடந்ததால், அவர் வேனை ஓடப்பாதையில் ஏற்றினார். அக்கரைக்கு நன்றாகப் பிந்திப் போய்ச் சேர்ந்தார். மருந்துக்குக் காத்திருந்த பாமசிக்காரர் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தார். மருந்து நேரத்துக்கு வரவில்லை, வந்த சாரதியின் சேட் தொப்பலாக நனைந்து பொத்தான் போடாமல் இருக்கிறது, கண்கள் சிவந்திருக்கின்றன, ஆள் சரியில்லைப் போல என்றார்.

முதலாளி கருவியின் பதிவைத் திறந்து பார்த்தார். புள்ளி துறையடிக்குப் போயிருந்தது. பிறகு கரையோரத் தெருவில் கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு கள்ளுத் தவறணைக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தது.

மறுநாள் முதலாளியின் அறையில் விசாரணை. கணக்காளர், களஞ்சியப் பொறுப்பாளர், சுதா என்ற இளம் சாரதி, நான். ஹனீபா கதவோரம் நின்றார். இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

"பாதை நடுவில நிண்டுட்டு சேர்" என்றார். "வாவியில மிதக்கிற ஆத்துவாழ போய் எஞ்சின் விசிறியில சுத்திட்டு. இழுத்து எடுக்கும்வரைக்கும்..."

நான் இடையில் புகுந்து, ஓடப்பாதை கடக்க எடுக்கும் நேரம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன். சுதா மெல்லிய குரலில், ஹனீபா காக்கா குடிக்கிற ஆள் இல்லை என்றான். முதலாளி, குடித்தார் என்று தான் சொல்லவில்லை, நின்றார் என்றுதான் சொல்கிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், நீங்க படிச்ச மனிசன். மிஷின் பொய் சொல்லுமா?"

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மனிசன் பொய் சொல்லுவான். மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன்.

அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சொல்லிக்கொண்டே திரையைக் காட்டுவதற்காகக் கையை நீட்டினேன். அப்போதுதான் பதிவை ஒழுங்காகப் பார்த்தேன். துறையடியிலிருந்து தவறணை வரையும் சில்லு ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. சில்லு சுற்றாமலே வேன் தெருவழியே நகர்ந்து தவறணைக்குப் போயிருக்கிறது. என் மாணவன் ஒருவன் இப்படி ஒரு விடையை எழுதியிருந்தால் அவனை வகுப்பின் முன்னால் நிறுத்திச் சிரித்திருப்பேன். வேன் நின்றது வாவியில். வாவியில் நிற்க நான் விடவில்லை. ஆகவே அது கிட்டடியில் கிடைத்த வீதிக்கு ஓடியிருக்கிறது. அந்த வீதியில் தவறணை இருந்தது ஹனீபாவின் போதாத காலம்.

நீட்டிய கை அப்படியே நின்றது. "கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னால் போதும். இரண்டு சொற்கள். ஆனால் மிச்ச வேன்களுக்கும் கருவி பூட்டுவதா என்று முதலாளியின் வியாபாரப் பங்காளி அடுத்த கிழமை வந்து முடிவெடுக்க இருந்தார். வீதிப் பூட்டை நான் ஏன் போட்டேன் என்று சொல்லவேண்டி வரும். அதைவிட, அவ்வளவு அழகான ஒரு வசனத்தைச் சொன்ன உடனே எப்படித் திருப்பி எடுப்பது? நம்புங்கள், அந்தக் கணத்தில் அதுவும் ஒரு காரணமாக இருந்தது. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஹனீபா என்னைப் பார்த்தார். பிறகு வேன் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒருவரும் அவரை நிற்பாட்டவில்லை.

அவசரத்தில் எடுக்கும் முடிவைப் பற்றி உங்களுக்குப் பலர் வகுப்பெடுப்பார்கள். நான் கண்டது இவ்வளவுதான். பிழை விடுவதற்கு எனக்கு நேரமே தேவைப்படவில்லை. திருத்தாமல் இருப்பதற்குத்தான் ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பிப் பாடுபட வேண்டியிருந்தது.

அன்று எல்லோரும் போனபின் எல்லா வேன்களிலும் வீதிப் பூட்டை அகற்றினேன். சத்தமில்லாமல் செய்தேன். பெரிய பிராயச்சித்தம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சில கிழமைகள் போனதும் சுதா வந்து சொன்னான். முதலாளியின் அறையில் "நின்றார்" என்று இருந்த கதை காத்தான்குடிக்குப் போய்ச் சேரும்போது "குடித்தார்" என்று ஆகியிருந்தது. ஏறாவூருக்குப் போகும்போது, வேனுக்குள் விழுந்து கிடந்தார் என்று வளர்ந்திருந்தது. ஹனீபாவின் மகளுக்கு ஏறாவூரில் பேசியிருந்த சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள்.

"ஹனீபா காக்காட மகள்ட கலியாணம் நிண்டுட்டு சேர்." சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

நான் அந்தக் கிழமையே ஏறாவூருக்குப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனார் புடவைக் கடை வைத்திருந்தார். எல்லோரும் ஹாஜியார் என்றே கூப்பிட்டார்கள். கடையில் தோடம்பழம் இல்லை. நூல்கட்டை ஒன்றை எடுத்து வைத்து, செய்மதி, சில்லு, சுழல்மானி, வரைபடம் என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன். வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சில வேளைகளில் கருவி தண்ணீரில் நிற்கும் வேனைத் தரையில் நிற்பதாகக் காட்டும் என்று முடித்தேன். கவனியுங்கள்: கருவி காட்டும் என்றேன். நான் காட்ட வைத்தேன் என்று சொல்லவில்லை.

ஹாஜியார் பொறுமையான மனிதர். "இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க. நானும் படுவான்கரையில வட்டை பாக்கப் போகவேணும். பாதையால போவம். அந்த மிஷினைக் காட்டுங்க, பாப்பம்" என்றார். படுவான்கரையில் அவருக்கு வயற்காணி இருந்தது.

சுதா ஓட்டும் வேனிலேயே போனோம். ஓடப்பாதையில் ஏறி, இயந்திரத்தை நிறுத்தி, ஹாஜியாரைத் திரைக்கு முன்னால் இருத்தினேன். ஓடப்பாதை நகர்ந்தது. இப்போது பாருங்கள், புள்ளி கரைக்கு ஓடும் என்றேன்.

புள்ளி ஓடவில்லை. வாவிக்குள் இறங்கி, ஓடப்பாதையோடு சேர்ந்து, அழகாக நேர்கோட்டில் நீந்தியது. நான் திரையைத் தட்டினேன். அன்ரெனாவை அசைத்தேன். வானத்தைப் பார்த்தேன். கருவி பூட்டிய நாள் முதல் அது இவ்வளவு துல்லியமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"சரியாத்தானே காட்டுது" என்றார் ஹாஜியார். "அப்ப அண்டைக்கும் சரியாத்தானே காட்டியிருக்கும்?"

காப்பாற்ற வந்த ஹனீபாவை நானே திரும்பத் தவறணைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். சுதா முன்சீற்றிலிருந்து திரும்பினான்.

"சேர், பூட்டை நீங்கதானே எடுத்துவிட்ட நீங்க? எங்கட வேன் எல்லாம் இப்ப திரும்ப நீந்துது."

நான் அதை அடியோடு மறந்திருந்தேன். "எப்ப எடுத்த?" என்று ஹாஜியார் கேட்டார்.

விசாரணை நடந்த அன்று பின்னேரம் என்றேன்.

"அப்ப அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்."

"ஓம்" என்றேன்.

எனக்குப் பதிலாகக் கருவியைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அது மறுத்துவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன்: முதலாளியின் தோணிப் பகிடி, பூட்டு, என்னுடைய அழகான வசனம், மடியில் வைத்த கை. பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர்களும் கேட்டார்கள். தடி பிடித்துக்கொண்டு நின்ற பாதைக்காரர் கிட்ட வந்தார்.

"ஆத்துவாழ சுத்தின அண்டையக் கதையா? சேட்டைக் கழட்டி, தண்ணியில நனைச்சு நனைச்சு, மருந்துப் பெட்டிக்கு மேல போட்டுக்கொண்டு நிண்டாரே, அவரையா சொல்றீங்க? அந்த வெயிலுக்குள்ள பெட்டிக்கு நிழலா நிண்டார் மனிசன். நாங்க பகிடியும் பண்ணின."

நனைந்த சேட்டுக்கும் சிவந்த கண்ணுக்கும் அந்த அறையில் நாங்கள் வைத்திருந்த விளக்கம் வேறு. ஓடப்பாதையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. பூமிக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் சுற்றுகின்றவற்றிடம்தான் கேட்டோம்.

அக்கரையில் இறங்கும்போது ஹாஜியார், "என்னட்டச் சொல்லிட்டீங்க. பிழையச் சொன்ன இடத்திலயும் போய்ச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த நாள் காலை, சாரதிமார் திறப்பு எடுக்க வரும் நேரத்தில், முதலாளியையும் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். தோடம்பழம் இல்லாமல் நான் நடத்திய முதலாவது பாடம் அது. சொல்லி முடித்தேன். பிறகு பின்னால் நின்ற ஒருவர், "அப்ப சேர், போன மாசம் நான் வீட்டடியில நிண்டதெண்டு பேசின பேச்சு?" என்றார். இன்னொருவர், தான் பாடசாலை மைதானத்துக்குள்ளால் வேன் ஓட்டியதாக வந்த எச்சரிக்கையைப் பற்றிக் கேட்டார். சுதாவிடமும் ஒன்று இருந்தது. நான் கருவியின் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தவை எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து பதிவுகளைத் திரும்பப் பார்த்தேன். சிலது கருவியின் பக்கம் சரி. சிலது சாரதியின் பக்கம் சரி. பலதில் எது சரி என்று இனி எவராலும் சொல்லமுடியாது. அதையும் சொன்னேன்.

முதலாளி, ஏன் சேர் முடிந்த கதையைக் கிண்டுகிறீர்கள் என்று குறைப்பட்டார். ஆனாலும் ஆள் அனுப்பி ஹனீபாவைத் திரும்ப வரச் சொன்னார். ஹனீபா வரவில்லை. வாழைச்சேனையில் ஒரு மீன் வியாபாரியின் லொறியை ஓட்டத் தொடங்கியிருந்தார். என்னை அந்த வருடம் முடிந்ததும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கவலைப்பட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.

எல்லாம் செய்து முடித்துவிட்டேன் என்ற திருப்தியோடு ஹனீபாவின் வீட்டுக்குப் போனேன். சோதனையில் சித்தியடைந்த பெடியன் விடையேட்டைக் காட்டப் போவதுபோலப் போனேன் என்றால் அதிகமில்லை. அவர் கதிரை எடுத்துப் போட்டார். ஏறாவூருக்குப் போனதையும், ஓடப்பாதையில் சொன்னதையும், சாரதிமாருக்கு முன்னால் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"கம்பனியில சொன்னது நல்லது சேர். அது நீங்க சொல்லத்தான் வேணும்" என்றார். "ஏறாவூருக்கு ஏன் போன நீங்க?"

மகளுடைய கலியாணத்துக்காக என்றேன்.

"நான் எங்க நிண்டதெண்டு சொல்றத்துக்கு முதல் என்னைக் கேட்கல்ல. என்ட மகளுக்காகப் போய்ப் பேசுறத்துக்கு முதல் எண்டாலும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தானே."

உள்ளே இருந்து அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போகிற பிள்ளை. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சேர், ஒரு கதையைக் கேட்டிட்டு வாப்பாவ வேணாமெண்ட வீட்டுக்கு நான் போகமாட்டன் எண்டு நான் அப்பவே மனசுக்குள்ள முடிவெடுத்திட்டன். அவங்களாகவே நிப்பாட்டினது எனக்குச் சந்தோசம். நீங்க போய்ப் பேசின பிறகு அவங்க மனம் மாறித் திரும்ப வந்து கேட்டாங்க. முதல்ல நான் ஒண்டும் சொல்லத் தேவப்படல்ல. இப்ப எல்லாருக்கும் முன்னால நானே வேணாமெண்டு சொல்லவேண்டி வந்திட்டு. மாமிமார் ரெண்டுபேர் இன்னும் என்னோட கதைக்கிறல்ல."

ஹனீபா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஒரு மனிதரைப் பற்றி நிச்சயமாகச் சொல்லும் பழக்கத்தை நான் விட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

நான் இனி என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். அந்த வீட்டில், அந்த விடயத்தில், நான் கேட்ட முதலாவது கேள்வி அதுதான்.

"ஒண்டும் செய்யாதீங்க சேர்" என்றார் ஹனீபா. "தேத்தண்ணியக் குடிங்க. ஆறுது."

குடித்தேன். பிறகு, புறப்படலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார். இருந்தேன்.